உத்சுமி சானின் கிணற்றுத் தண்ணீர்

அக்டோபர் 4
எதிர்வீட்டு உத்சுமி சான் இன்றும் இரண்டு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். என் ஏழு மாத வயிற்றைப் பார்த்ததிலிருந்து தினமும் இதுதான். "உள்ள இருக்கற பிள்ளைக்கு நல்ல தண்ணி போகணும்ல" என்றார். குனிந்து நன்றி சொன்னேன். கதவைச் சாத்தியதும் பின்புறம் போய் வெங்காயத்தாள் தொட்டியில் ஊற்றினேன்.

நகராட்சியின் துண்டறிக்கை வீடு வீடாக வந்து ஒரு மாதமாகிறது. தொழிற்சாலை ரசாயனம் நிலத்தடியில் இறங்கியிருக்கிறது, கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாதாம். குழாய்த் தண்ணீருக்காவது சட்டத்தில் வரம்பு உண்டு. சொந்தக் கிணற்றுக்கு வெறும் அறிவுரைதான். உத்சுமி சான் யார் அறிவுரையை என்றைக்குக் கேட்டார்?

அக்டோபர் 7
வாங்கிவிட்டுப் பதிலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு கட்டு வெங்காயத்தாள் கொடுத்தேன். மிசோ சூப்பில் போட்டாராம், அபாரமாம்.

என் கணவன் தெத்சுரோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அவர் தண்ணி அவர் வயித்துக்கே போகுது. நடுவுல நீ தரகர்."

அக்டோபர் 8
தொட்டியைக் காலி செய்தேன். இனி நேராகச் சாக்கடை.

அக்டோபர் 12
"துண்டறிக்கையை நானும் பாத்தேன், பயப்படாதீங்க. நான் குடிக்கிற மாதிரியே உங்களுக்கும் அரைமணி நேரம் கொதிக்க வெச்சிருக்கேன். பிள்ளை பொறந்ததும் பால் பவுடரும் இதுலயே கலக்கலாம்" என்றார் உத்சுமி சான்.

ஐயோ. கொதித்தால் ஆவியாவது தண்ணீர்தான். அந்தச் சனியன் அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். கிணறு இருக்கக் குழாய் எதற்கென்று இணைப்பே வாங்காத மனுஷன். யாராவது சொல்லணும். யார் சொல்றது? இத்தனை நாள் நன்றி நன்றின்னு வாங்கிட்டு, எந்த மூஞ்சியோட—

அக்டோபர் 13
சொல்லவில்லை.

அக்டோபர் 15
சொல்லிவிட்டேன், வாசலிலேயே. கொதித்தால் போகாது, கூடும் என்றேன். நான் குடிக்கவில்லை, ஊற்றிவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "மூலைவீட்டு நிஷியோகா சான் தினம் வாங்கிக்கிறாங்களே" என்றார்.

அவளும் ஊற்றுகிறாள் என்றேன். தெருவில் எல்லோருமே ஊற்றுகிறோம். சொன்னால் மனம் நோகுமே என்றுதான்.

"அப்ப, குடிச்சது நான் ஒருத்தன்தானா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

அக்டோபர் 19
உத்சுமி சான் அதே இரண்டு பாட்டில்களோடு வந்தார், காலியாக. ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை. குழாய் இணைப்பு வர இன்னும் நாளாகுமாம். எங்கள் குழாயில் நிரப்பிக் கொடுத்தேன்.

குனிந்து நன்றி சொன்னார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. நான் குடிப்பேன்."