மண்ணிலிருந்து உயர்ந்த கை

இன்று பஸ்ஸில், பாடி நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நீ தடவும் அதே வலித் தைலத்தின் வாசனை. முழங்காலில் அப்பிக்கொண்டு வந்திருந்தார், பாவம். யாரோ ஒருவர்தான், ஆனாலும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். நீ போன பிறகு எனக்கு இப்படிச் சில கோழைத்தனங்கள் வந்திருக்கின்றன.

பகலில் அம்பத்தூரில் லேத் பட்டறை, சாயங்காலம் கபடி என்று இருந்த உன்னைச் சினிமாவுக்கு இழுத்து வந்தவன் நான்தான். கபடியில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவனின் உடம்பில், செத்துப்போன அவன் அண்ணன் இறங்கி வந்து ஆடுகிற படம். கதாநாயகனுக்கு மூச்சுப் பிடித்துப் பாடி வரத் தெரியாது. அதனால் அண்ணன் இறங்கும் காட்சிகளில் எல்லாம் முகம் அவருடையது, முதுகு உன்னுடையது.

ஒருநாள் என் எடிட்டிங் அறைக்கு வந்து உன்னையே திரையில் பார்த்தாய். கேமராவைத் தரையோடு வைத்து எடுத்ததில் ஐந்தரை அடி ஆள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றாய். கூட்டத்தின் சத்தத்தை அழித்துவிட்டு உன் மூச்சை மட்டும் விட்டிருந்தேன். சாமி வந்த மாதிரியே இருந்தது.

"நெசத்துல நாலு பேரு மேல ஏறி அமுக்குறான் மச்சான். உன் மிஷின்ல மண்ணுகூட மரியாதையா பறக்குது," என்று சிரித்தாய். அந்தக் கேலியைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள், கோவில்பதாகை மைதானத்தில் ஸ்லோமோஷன் ஷாட்; எடிட்டர் நானும் பார்க்க வந்து நின்றிருந்தேன். இயக்குநர் 'கட்' சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. உன்னைப் பிடித்த நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டு விழுந்தாய்; கழுத்து மடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. இயக்குநர் 'கட்' சொல்ல வாயெடுத்தார். ஷாட்டின் வாலில் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் வெட்டி ஒட்ட வசதி என்பது எங்கள் தொழில் புத்தி.

"சார், இன்னும் கொஞ்சம் ஓடட்டும்," என்று சொன்னவன் நான்.

உன் வலது கை மண்ணிலிருந்து உயர்ந்தது. நடிக்கிறாய் என்று எல்லோரும் அசந்துபோய் நின்றோம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. என்ன சொல்வாரோ என்ற பயம்தான்.

அந்த ஷாட்டை வைக்கக் கூடாது என்று சண்டை போட்டதாக எழுத ஆசை. போடவில்லை. இன்னும் மெதுவாக்கினேன், விரல் நுனியில் தங்க வெளிச்சம் ஏற்றினேன், பின்னால் மேளம் சேர்ந்தது. அண்ணன் தம்பியை வாழ்த்துகிறான் என்று ஆகிவிட்டது. தியேட்டரில் விசில் பறந்தது. ஆனால் நிஜ வேகத்தில் ஓட்டினால் உன் விரல்கள் இரண்டு முறை மடங்கி விரிகின்றன. நான் நின்றிருந்த பக்கமாக. என்னைக் கூப்பிட்டிருக்கிறாய்.

உன் மனைவி ஆவடியில் படம் பார்த்தாள். முதுகை வைத்தே உன்னைக் கண்டுபிடித்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, கடசீல அவரு கை தூக்குனாரே, அது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாம்மா," என்றேன்.

"நல்லா பண்ணிகிறாரு," என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்த ஒரு பிரேமைப் போட்டோவாக்கித் தரச் சொல்லி வாங்கிப்போய் மாலை போட்டு மாட்டியிருக்கிறாள். போகும்போதெல்லாம் அதன் எதிரே உட்கார்ந்து அவள் தரும் காபியைக் குடிக்கிறேன். அது வாழ்த்திய கை இல்லை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.