நான்காம் அத்தியாயத்தின் நாற்றம்

நவ. 10, திங்கள்
விடியலில் தூறல். குடை இல்லாமல் உப்பளம் கறிக்கடைக்கு. வழக்கம்போல ஒரு முழம் ஆட்டுக்குடல், ஆய்வகத்துக்கு. பாய் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அஞ்சு வருசமா கொடலு மட்டும் வாங்குறது நீங்க ஒருத்தர்தான் மேடம். ஒரு நாளாச்சும் கறி வாங்குங்க" என்றார். வீட்டில் குடல் குழம்பே வைப்பதில்லை என்றால் நம்பமாட்டார்.

வெள்ளிக்குள் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். பார்ட்-டைம் பி.எச்டி., வயது 41, முழங்கால் வலி. பாக்கி: நான்காம் அத்தியாயத்தின் (அ.4) படங்கள், மேற்கோள் பட்டியல், பிரிண்டர் மை, காஸ் புக்கிங்.

அ.4தான் உயிர். குடல் செல்லின் சவ்வில் அமினோ அமிலம் உள்ளே போக ஒரு வழி. அதில் எஸ்.எச்., அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு முனை. பாதரசச் சேர்மம் அதில் ஒட்டினால் வழி அடைபடும். மெர்காப்டோஎத்தனால் ஊற்றினால் பாதரசம் கழன்று வழி திறக்கும். புத்தகத்தில் இப்படித்தான். எனக்கு மட்டும் மூன்று மாதமாகத் திறக்கவில்லை. கைடு மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "புத்தகத்துல இல்லாதது உனக்கு கெடச்சிருக்கு ரோஸ்லின். விட்டுடாத."

நவ. 11, செவ்வாய்
மழை. வீட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கம்பெனியில் காலை ஷிஃப்ட், சாயங்காலம் வீட்டில். டீ எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று.

"இப்பல்லாம் நீ நாறவே மாட்டேங்குற. முன்னாடி அழுவுன முட்டையாட்டம் வருவ. வாசல்லயே குளிக்கத் தொரத்துவேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்ல ஒனக்கு காச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம்."

ஆசையாகத்தான் சொன்னார். நாறுவது மெர்காப்டோஎத்தனால். நாறவில்லை என்றால் அது கெட்டுப்போய்விட்டது. காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கும் மந்தம், எனக்கு எப்படித் தெரியும்? அன்றன்றைக்குக் கலக்க வேண்டியது. அலுப்பில், ஆகஸ்ட்டில் ஒரு லிட்டர் மொத்தமாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். நானேதான்.

டீ ஆறிப்போனது.

நவ. 12, புதன்
ஸ்டோரிலிருந்து புதுப் புட்டி. மூடியைத் திறந்ததும் அட்டெண்டர், "காஸ் லீக்கா மேடம்?" என்று வராந்தாவுக்கு ஓடினார். எனக்கு வாடை லேசாகத்தான். கலந்து ஊற்றினேன். வழி திறந்துவிட்டது. நான்கு குழாயிலும். மறுபடி செய்தேன். மறுபடியும் திறந்தது.

புத்தகம்தான் சரி. மதியம் சாப்பிடவில்லை. வீட்டில் இவர் வாசலிலேயே குளிக்க அனுப்பினார்.

காஸ் புக் செய்தாயிற்று.

நவ. 13, வியாழன்
மேடத்திடம் சொன்னேன். "பழைய ரிசல்ட்டே இருக்கட்டும். தீசிஸ யாரு மோந்து பாக்கப் போறாங்க?" கெட்டவர் இல்லை. மே மாதம் ஓய்வு. என்னைப் போலவே அலுத்தவர். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

இன்று ஆய்வகத்தில் எதையும் தொடவில்லை. இவரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். நாளைக்குச் சுருக்கம் கொடுத்துவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் முதலிலிருந்து, இன்னும் ஆறு மாதம், தினமும் நாற்றம்.

"நீ பாத்து செய்யி" என்றார். அவ்வளவுதான்.

நவ. 14, வெள்ளி
வெயில். கொடுக்கவில்லை. ஆறு மாத நீட்டிப்புக்கு விண்ணப்பம். காரணம்: "கரைசல் கெட்டுவிட்டதால் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியுள்ளது." மேடம் நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பிற்பகல் புதுக் கரைசலில் முதல் வரிசை.

வீடு. இவர் கதவைத் திறந்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

துண்டை நீட்டினார். "போ. சுடுதண்ணி அப்பவே போட்டுட்டேன்."