கொத்திய சுவரும் நான் அடித்த சூடமும்

தங்கச்சி,

காலையிலிருந்து வீட்டுப் பின்சுவரில் டக் டக் என்று சத்தம். வெளிச்சுவருக்குப் பூச்சுப் பூச மகன் கொத்தனார் வேலை செய்கிற ஒரு மேசன் பாஸைக் கூட்டி வந்திருக்கிறான். பாஸ் பழைய பெயின்டைக் கொத்தித் தள்ளிவிட்டுத் தண்ணீர் அடித்தார். நனைந்த சீமெந்து வாடை அடுப்படிவரை வந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

மஹய்யாவவில் நாம் அடுத்தடுத்த வீடு. நீ கட்டட வேலைக்குப் போவாய், நான் கோவிலுக்குப் போவேன். உன் வேலையைக் கண்ணால் பார்த்தது கோவில் மதிலுக்கு ஊர்கூடிச் சிரமதானம் வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பளபளப்புப் பெயின்டின் மேல் பூச்சு நிற்காது, வழுக்கி விழும் என்று சொல்லிச் சாண் இடம் விடாமல் சுத்தியலால் கொத்தினாய். நான் கம்பித் தூரிகையால் தூசியைத் தேய்த்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு நீ சீமெந்தையும் மணலையும் கஞ்சி மாதிரிக் கரைத்து, கரண்டியால் அள்ளிச் சுவரில் வீசினாய். பலாக்காய்த் தோல் மாதிரிச் சொரசொரவென்று ஒட்டியது. நாளைக்கு இந்தச் சொரசொரப்புத்தான் பூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்றாய்.

பிறகு அடுத்த பக்கத்தைக் கொத்தத் தொடங்கினாய், நான் பின்னாலேயே தண்ணீர் ஊற்றி வந்தேன். அம்மன் சுவரை இப்படி வெறியோடு அடிக்கிறாயே, மெதுவாக அடி என்றேன்.

“சுவத்துக்கு வலிக்காதுக்கா. வலிக்கிற எடமாப் பாத்து அடிச்சிருந்தா இந்நேரம் ஒருத்தன் செத்திருப்பான்.”

நானும் சிரித்தேன். உன் முதுகுத் தழும்பு தெரிந்திருந்தும் சிரித்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உன் புருஷன் கசிப்புச் சாராய நாற்றத்தோடு வந்தான். வீட்டில் ஏன் சோறு இல்லை என்று கேட்டுக்கொண்டே உன் கொண்டையைப் பிடித்தான். அப்போதுதான் கொத்திய சுவரில் உன் முகத்தை வைத்துத் தேய்த்தான். தேங்காய் துருவுகிற மாதிரி, தங்கச்சி. ஈரச் சுவரில் உன் ரத்தம் வழிந்தது. நான் அம்மா தாயே என்று கத்தினேனே தவிர, அவன் கையைப் பிடிக்கவில்லை. உன் கையில் சுத்தியல் இருந்தது. அவன் மணிக்கட்டில் ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று பின்னேரம் கோவில் சபை கூடியது. காரணமே இல்லாமல் இவள் என்னைக் கொல்லப் பார்த்தாள் என்று அவன் அழுதான். தலைவர் உன்னைப் பொலிஸில் கொடுக்க வேண்டும் என்றார். பார்த்தவள் நான் ஒருத்திதான். சூடமடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நீ என் காதோரம் வந்து, “நடந்தத நடந்த மாதிரியே சொல்லுங்கக்கா” என்றாய்.

எனக்கோ உன்னை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். ஏறி நின்ற பலகை சரிந்து இரண்டு பேரும் சுவரில் மோதி விழுந்தார்கள் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை சுடவில்லை. அம்மனே இந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டாள் என்று சந்தோஷப்பட்டேன். சபை கலைந்தது. பொலிஸும் இல்லை, விசாரணையும் இல்லை. நீ அடித்தது மறைந்தது. அவன் அடித்ததும் அதோடு மறைந்தது.

படி இறங்கும்போது சொன்னாய், “நீங்க என்னயக் காப்பாத்தலக்கா. அவனக் காப்பாத்திட்டீங்க.”

நன்றி கெட்டவள் என்று ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

கைக்கட்டு அவிழ்த்ததும் அவன் மறுபடி உன்னை அடிக்கத் தொடங்கினான். அடுத்த தைப்பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் விளக்கேற்றித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம்தானே, பதிகத்தைப் பாதியில் விடக்கூடாது என்று பாடி முடித்துவிட்டு எழுந்து வந்தேன். உன்னை அடித்த இரும்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே மூச்சில்லாமல் கிடந்த உன் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வழக்கு வரப் பல வருஷம் ஆனது. அவன் உன்மேல் அதற்கு முன் கை வைத்ததே இல்லை என்று அவனுடைய லோயர் வாதாடினார். என்னைக் கூண்டில் ஏற்றி, கோவிலில் சத்தியம் செய்து ஒன்று சொன்னீர்கள், இங்கே சத்தியம் செய்து வேறொன்று சொல்கிறீர்கள், எது பொய் என்று கேட்டார். சபைக்காரர்கள் எல்லோரும் பின்வரிசையில் இருந்தார்கள்.

“கோவில்ல சொன்னதுதான் பொய்யி. இவன் அவ மொகத்தச் சுவத்துல வச்சுத் தேய்ச்சான். நா பாத்தேன்.”

அவனை உள்ளே போட்டார்கள். அதற்குப் பிறகு கோவிலில் என்னை விளக்குப் பூசைக்குக் கூப்பிடுவதில்லை. அது பெரிதாக வலிக்கவில்லை.

எவ்வளவு சின்னப் பேச்சு, தங்கச்சி. சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல நீ சாகிறவரைக்கும் இருந்துவிட்டேன். இந்தப் பாவத்தை இறக்கி வைக்க நான் எந்தக் கோவிலுக்கும் போகப்போவதில்லை. இது உனக்கு நான் செய்தது; நானே வைத்திருக்கிறேன்.

உன் அக்கா