கம்மாய்க்கரையில் உதறிய வெள்ளைத் துணி

ஆனையூர்

அன்பு மகன் சிவபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை, நான் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், என் வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன. போன் எட்டாத அந்தப் பனிமலைக் காவலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். விரலில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல ஆர்த்திகா எழுதுகிறாள். (அண்ணே, கட்டு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது அம்மா.)

நீ லீவில் வந்தபோது போனில் மாட்டுகிற லென்ஸ் வாங்கித் தந்தாயே, அதை வைத்துத்தான் மேலூர்ப் பக்கத்து என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் கம்மாய்க்கரைக்குக் கூட்டிப்போகிறேன். செடிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கிளையை உலுக்கினால் பூச்சிகள் விழும், படம் எடுப்போம், வகுப்புக்குத் திரும்பிப் பெரிய திரையில் போட்டுப் பூச்சியின் கால்களை எண்ணுவோம், கணக்கும் அறிவியலும் அதிலேயே நடந்துவிடும். வருஷம் முழுக்க வாயே திறக்காத பாண்டிமீனா, சிலந்திக்கு எம்புட்டுக் கண்ணு டீச்சர் என்று கத்தினாள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போன சனிக்கிழமை அங்கே மீன்பிடித் திருவிழா. கூட்டம் இறங்கிக் கலக்கிவிட்டால் தண்ணீர்ப் பூச்சி கிடைக்காதே என்று முன்கூட்டியே பிள்ளைகளோடு போய்விட்டேன். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வலையும் கூடையுமாகக் கரையில் நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவர் கருத்தக்கண்ணன் மழை வேண்டிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்குவார்கள், உனக்கே தெரியும். பூசை இன்னும் முடியவில்லை. நான் பாட்டுக்கு எதிர்மேட்டில் நின்று துணியில் ஒட்டிய சருகை ஓங்கி உதறினேன். ஓவென்று ஒரு சத்தம், அம்புட்டுப் பேரும் தண்ணீருக்குள்! ஓரத்தில் நின்ற பிள்ளைகளை இழுக்க ஓடி வழுக்கி விழுந்ததில்தான் இந்தக் கை. (விரால் தப்பியது, விரல் மாட்டியது.)

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. சாமி கும்பிடு முடியுமுன்ன கம்மாயைக் கலக்கியாச்சு, மழை பொய்ச்சா டீச்சரா பெய்ய வைப்பாக என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா என்று இன்னொருவர். அதைக் கேட்டுத் தலை குனிந்தேன் ராசா. இனிமேல் பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவாகப்போகிற நேரம், பாண்டிமீனாவின் அம்மா தங்கப்பொண்ணு எழுந்தாள். எம் பிள்ள காலையில கிளம்புறதே இந்தக் கரைக்காகத்தான், இதைப் பூட்டிப்புட்டு அவளை எழுப்பிவிட நீங்க வாரீகளா மாமா என்று கருத்தக்கண்ணனையே கேட்டாள். அவர் தாடையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார். கூட்டிட்டுப் போ தாயி, துணைக்கு ரெண்டு பெரிய ஆளு வரணும், வெள்ளை மட்டும் என் தோள்லயே கிடக்கட்டும் என்றார். ஊரே சிரித்தது, எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

புதன்கிழமை தங்கப்பொண்ணு தன் வீட்டுக்காரர் வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள். அதைக் கரையில் விரித்தால், கிளையை உலுக்காமலே குட்டிக் குட்டிப் பூச்சிகள் பறந்து வந்து உட்காருகின்றன. ஏன் டீச்சர் என்றார்கள் பிள்ளைகள். எனக்கும் தெரியலடா, அடுத்த வாரம் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் விரித்துப் பார்ப்போம் என்றேன். நானும் வாரேன் என்றிருக்கிறாள் தங்கப்பொண்ணு, அவள் இதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

அழகர் உன் பக்கத்திலேயே நிற்பார். குளிரில் காதை மூடிக்கொள், சோற்றை ஆறவிடாதே, மாதம் ஒரு வரியாவது எழுது. கையெழுத்தை மட்டும் இடது கையால் நானே போடுகிறேன்.

உன் அம்மா,
நாகஜோதி