நெட்டையின் வலது முட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் டீயை நீட்டியபடியே கேன்டீன்காரர் கேட்கிறார்: "என்னம்மா, இன்னிக்கு நெட்டை எறங்கலையாமே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வாலிபால் அணியில் முன்வரிசையில் நின்று அடிக்கிற பெண் அவள். வலது முட்டி வீங்கியிருப்பது அவளுக்கும் கோச்சுக்கும் அணியின் பிசியோவான எனக்கும் மட்டும்தான் தெரியும். யார் இறங்குகிறார்கள் என்பதைக் கோச் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்புதான் சொல்வார். கேன்டீன்காரர் தன் போனில் பந்தய ஆப்பைக் காட்டினார். நேற்றிலிருந்தே எல்லாரும் எதிரணி மேல் பணம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் அவள் இறங்காதபோதும் இப்படித்தானாம். உள்ளேயிருந்தே யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள்.

மார்ச் 4

லீக்கின் சூதாட்டப் புகார் எண்ணுக்கு அடித்தேன். துணியெல்லாம் துவைத்து முடிக்கும்வரை பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண்: "எந்த ஆட்டத்துல எவ்வளவு கட்டுனீங்க?" நான் கட்டவில்லையம்மா, கட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டேன். "அப்போ உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே?" தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 5

மறுபடி போன். மறுபடி அதே பாட்டு.

மார்ச் 6

ஒருவழியாக ஓர் அதிகாரி கிடைத்தார். எல்லாம் சொன்னேன். கோச்சிடமும் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கும்மா வேண்டாத வேலை?" என்றார். ஆமாம், வேலைவெட்டி இல்லாதவள் பாருங்கள்.

மார்ச் 10

அதிகாரி நேரில் வந்தார். விசாரணை முடியும்வரை நெட்டையை நிறுத்திவைத்துவிட்டார். அவளுடைய முட்டி, அவள்தான் வெளியே சொல்லியிருப்பாளாம். என்மேல் சந்தேகமே இல்லை, புகார் கொடுத்தவளாச்சே. இருபதாம் தேதி தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுக்குள்ள முடியலைன்னா அவ போகவே முடியாது. யாரைக் காப்பாத்தப் போய் யார் தலையில கல்லைப் போட்டேன் நான்?

அழுதாள். "அக்கா, எனக்கு அந்த ஆப்பை எப்படித் திறக்கறதுன்னுகூடத் தெரியாதுக்கா."

மார்ச் 12

சாப்பிடும்போது புலம்பிக்கொண்டிருந்தேன். வழக்கம்தான். ஒவ்வொருத்தியின் முட்டியையும் தோளையும் வீட்டில் கொட்டித் தீர்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கொழுந்தன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "நெட்டைக்குப் பதிலா யாரு அண்ணி எறங்குவாங்க?" என்றான்.

வாலிபாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாதவன் அவன்.

போனைக் கொடு என்றேன். கொடுக்கவில்லை. அதுவே போதுமே. "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன் அண்ணி, அவனுங்க பரப்பிட்டானுங்க. நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்."

நான் சொன்னதைத்தான். ஊரெல்லாம் தேடின ஓட்டை என் வாய்தான்.

மார்ச் 13

வீட்டுக்காரர் சொல்கிறார்: "அவனைக் கண்டிச்சுட்டேன். வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். உன் வேலையும் போயிடும்." சரி, நெட்டைக்கு? "சின்னப் பொண்ணுதானே, அடுத்த வருஷம் பார்த்துக்குவா."

அடுத்த வருஷம் அந்த முட்டி தாங்குமா என்று இவருக்கு என்ன தெரியும்? அதைத் தடவிப் பார்க்கிறவள் நான்.

மார்ச் 14

பாட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "மறுபடி நீங்களா?" என்றாள் அந்தப் பெண். நானேதான். இந்தத் தடவை ஆளையும் சொல்றேன், எழுதிக்கோ.

மார்ச் 19

நெட்டையை விடுவித்துவிட்டார்கள். எனக்கு ஒரு வருஷம் தடை. அணியில் யாரோடும் காயம், வலி என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்கவும் கூடாது. கொழுந்தன் தனி அறை பார்த்துப் போய்விட்டான். வீட்டுக்காரர் சாவி எங்கே, பால் வந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மார்ச் 20

காலையில் நெட்டை கூப்பிட்டாள். பின்னால் விசில் சத்தம்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுருவாங்க. டேப்பை உள்பக்கத்துல இருந்து சுத்துவீங்களா, வெளிப்பக்கத்துல இருந்தா? முட்டி காலையில இருந்து லேசா—"

"ராங் நம்பர்மா" என்று வைத்துவிட்டேன்.

லேசா என்ன? வலியா, வீக்கமா?