ஊல்கான் ஏன் அதைக் கேட்டாள்?

மார்ச் 3
மாதம் ஒரு வீட்டில் நடக்கும் முறைவிருந்து, இந்த மாதம் துமார் வீட்டில். பெண்கள் மட்டும். ஊல்கான் இறைச்சித் தட்டை நகர்த்திவிட்டு ஓர் உண்டியலை வைத்தாள். "வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கு. பிஷ்கெக்ல டாக்டருங்க பண்றாங்க, குடுங்க." உலகத்தில் வேறு நோயே இல்லையா? அடுத்த மாதம் தன் மகனுக்காக என் மகள் பெர்மெத்துக்குக் கம்மல் போட்டு நிச்சயம் பண்ண வருகிறவள் இவள்தான். பெர்மெத்தின் வலிப்பு எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. யார் சொன்னது?

மார்ச் 5
மாத்திரைகளை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

மார்ச் 12
சொல்லாமல் கொள்ளாமல் ஊல்கான் வந்தாள். டீ குடித்துக்கொண்டே, "பொண்ணு நல்லாத் தூங்குறாளா சம்பந்தி?" இது என்ன கேள்வி? வேவு பார்க்கிறாள், வேறென்ன!

அவள் போனதும் பெர்மெத், "நானே சொல்லிடறேன்மா, மூச்சு முட்டுது" என்றாள். "வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்" என்றேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 21
நூருஸ், வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை. முளைக்கோதுமைக் கஞ்சி அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த பெர்மெத் விழுந்தாள். எல்லார் முன்னாலும். துமார் ஓடி வந்தாள். "கரண்டியை வாயில விடுங்க!"

"வாயில எதையும் திணிக்காதீங்க!" என்று கத்தியது ஊல்கான். பெர்மெத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், தன் தலைத்துணியை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். கை பதறவே இல்லை. சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது — இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? ஐயோ, பையனுக்கு ஏதாவது...?

மார்ச் 22
நேராகப் போய்க் கேட்டேன். "உங்க பையனுக்கு வலிப்பு இருக்கா? மறைச்சீங்களா?" கேட்கும்போதே நாக்கு கூசியது. நான் கேட்கலாமா இதை?

"அவனுக்கில்ல, எனக்கு. எங்கம்மா மறைச்சுத்தான் கட்டிக்குடுத்தா. வந்த மாசமே மாமியார் முன்னாடி விழுந்தேன். பேச்சுத் தாங்காம ஊரை விட்டே வந்துட்டோம். உங்க பொண்ணு போன மாச விருந்துல நைசா மாத்திரை முழுங்கறதைப் பார்த்தேன் சம்பந்தி. நேரா கேட்டா நீங்க கதவைச் சாத்திடுவீங்க. அதான் உண்டியலோட வந்தேன், தூக்கம் கெட்டா வலிப்பு வருமேன்னு அதையும் கேட்டேன், நீங்களே சொல்லுவீங்கன்னு."

வாய்விட்டு அழுதேன்.

ஏப்ரல் 14
விருந்து எங்கள் வீட்டில். நேற்றுத்தான் ஊல்கான் பெர்மெத்துக்குக் கம்மல் போட்டாள். இன்று உண்டியலை வைத்தது பெர்மெத். "நான் விழுந்ததைப் பார்த்தீங்கல்ல? அது பேய் இல்ல, வலிப்பு. ஆராய்ச்சிக்குக் குடுங்க." ஒருத்தி தட்டையே பார்த்தாள். ஒருத்திக்கு வீட்டில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

சமையலறைக்கு என் பின்னாலேயே வந்த துமார் கதவைச் சாத்தினாள். "எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க? என் தங்கச்சிக்காகக் கேக்கறேன்."

துமாருக்குத் தங்கச்சியே கிடையாது. டாக்டர் பெயரைச் சொன்னேன்.