ஒற்றைக் கயிறு போதுமென்ற ஓலைநாயகத்துக்கு

மலை நிற்க, மழை பொழிக, குடி தழைக்க. மேலைமலையும் கீழைவெளியும் ஒரு குடைக்கீழ் ஆளும் வேல்நங்கைத் தேவி, நாடெங்கும் ஓலை செலுத்தும் பணிக்குத் தலைவரான ஓலைநாயகம் காடன் மயிந்தருக்கு வாய்மொழிந்து எழுதுவித்த திருமுகம். உம் ஊரும் மனையும் மக்களும் நலம் பெறுக. வாழ்த்தாமல் ஓலை தொடங்குவது நம் குல வழக்கமன்று, ஆகையால் வாழ்த்தினோம்.

மேலைமலைப் பேரேரியின் கரையில் முழங்கை நீள விரிசல் கண்டதாகவும், மதகைத் திறந்து நீரை வடிக்க நம் ஆணை உடனே வேண்டுமென்றும், தாமதித்தால் கரையடியில் உள்ள சிறுதாழை ஊரின் இருநூறு வீடும் போய்விடுமென்றும் ஏரிக்காவலன் சேந்தன் ஐப்பசி ஏழாம் நாள் நமக்கு எழுதினான். எட்டாம் நாளே ஓலை சுமந்தோடும் ஓட்டன் அதைக் கூர்வரைப் பள்ளத்தின் மேற்குக் கரையில் சேர்த்துவிட்டான். பள்ளத்தைக் கடக்க நம் நாட்டுக்கு இருப்பது ஒரே கயிறு, அதில் ஓடும் ஒரே கூடை. அன்றே கடந்திருந்தால் அவ்வோலை பதினோராம் நாள் நம் கைக்கு வந்திருக்கும், பதினைந்தாம் நாள் மதகு திறந்திருக்கும். பதினாறாம் நாள் கரை உடைந்தது. ஊரார் அனைவரையும் மேட்டில் ஏற்றிய சேந்தன், நடக்கமாட்டாத ஒரு கிழவரைத் தூக்கிவர இறங்கினான், இருவரும் திரும்பவில்லை. அவன் இறந்து நான்காம் நாள் அவன் ஓலையை நாம் பிரித்துப் படித்தோம். ஐயோ, அதை எப்படிப் படித்தோம் என்று உமக்கு எழுத மனம் வரவில்லை.

ஏன் இத்தாமதம் என வினவினோம். நாள்தோறும் அறுநூறு ஓலை கடப்பதாகவும், மூன்றாண்டாக அது கூடவுமில்லை குறையவுமில்லை என்றும், ஆதலால் ஒரு கயிறே போதுமென்றும், பிழை சோம்பேறி ஓட்டனுடையதென்றும், அவனைச் சிறையில் அடைத்துவிட்டதாகவும் மறுமொழி விடுத்தீர். யார் காதில் பூச்சுற்றுகிறீர், மயிந்தரே? கூடைக்கு முப்பது ஓலை. ஒரு பகலில் கூடை இருபது முறை ஓடும். அறுநூறுக்குமேல் அந்தக் கயிற்றால் முடியாது, அதனால் அறுநூறு கடந்தது! மூன்றாண்டாக ஓர் ஓலைகூட ஏறி இறங்காத கணக்கைக் கண்டபோதே உமக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? கிழக்குக் கரையில் நிழலில் அமர்ந்து, வந்து இறங்கியதை எண்ணினீர். எதிர்க்கரையில் கிடந்ததை எண்ண ஒரு நாளும் கடந்து போனீரில்லை.

நம் மெய்க்காவற்பெண் கொற்றியை அனுப்பி எண்ணச் சொன்னோம். மேற்குக் கரைக் கொட்டகையில் ஐயாயிரத்து நானூறு ஓலை குவிந்து கிடந்ததாம். ஒன்பது நாள் கூடைச் சுமை! அதைப் பார்த்து அலுத்துப்போன வணிகர்கள் கீழ்த்துறை வழியே நான்கு நாள் சுற்றி நடக்கிறார்களாம்; அவர்கள் உம் கணக்கில் எங்கே? அவசர ஓலை முந்திக் கடக்கச் செந்நூல் என்று விதித்தீர், யார் எதற்குக் கட்டுகிறார் என்று பார்க்கக் காவலிட மறந்தீர். குவியலில் பாதிக்குமேல் செந்நூல்தான். திருமண அழைப்புக்குச் செந்நூல், மாட்டுச் சந்தைச் செய்திக்குச் செந்நூல். நம் அடுக்களையார் மேலைமலையில் விட்டிருந்த ஆள் நார்த்தங்காய் விலை எழுதிய ஓலைக்கும் செந்நூல் கட்டியிருந்தான். அந்த நார்த்தங்காய் ஓலைக்கு அடியில்தான் சேந்தனின் ஓலை ஒன்பது நாளும் கிடந்ததாகக் கொட்டகையார் கொற்றியிடம் சொன்னார்களாம். வெட்கத்தால் நம் முகம் எரிகிறது.

எந்த மதகும் நம் ஆணையின்றித் திறக்கலாகாது என விதித்தவரும் நாமே. அப்பழி நம்முடையது, அதை உம் தலையில் கட்டமாட்டோம். இன்றுமுதல் அவ்விதியை நீக்கினோம். கணவனுக்குப்பின் ஏரிக்காவலை ஏற்ற சேந்தன் மனைவி எயினி, தன் கண்ணுக்கு ஆபத்தென்று பட்ட கணமே மதகைத் திறப்பாள். யாரையும் கேட்க வேண்டா.

உடைப்பை அடைத்த மண் இன்னும் ஈரமாக இருக்கிறது; கார்த்திகை மழையோ பெரும்பகுதி இனிமேல்தான். கல்லும் ஆளும் கேட்டு எயினி எழுதும் ஓலை நமக்கு வந்தே தீர வேண்டும். ஆகவே ஓட்டனை இன்றே விடுவித்து, அவனிடம் நேரில் பொறுத்தருளக் கேளும். பத்து நாளில் இரண்டாம் கயிறு கட்டும். தைக்குள் மூன்றாவதையும் கட்டும். அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு ஓலை வந்து சேர்வதாகக் கரையோர் சொல்கின்றனர். இரு கயிறு ஆயிரத்து இருநூறு தாங்குமே என்று வாதிட வருவீர், அறிவோம். ஒன்று அறுந்தால் என்ன செய்வீர்? வெள்ளம், தீ, நோய், பகை இந்நான்குக்கும் தனிக் கூடை ஒன்று எந்நேரமும் வெறுமையாகக் காத்து நிற்கட்டும். அது வீணாக நிற்கிறதென்று எவரேனும் முணுமுணுத்தால் அவரைச் சிறுதாழைக்கு அனுப்பிவையும்.

இரண்டாம் கயிறு கட்டி முடித்த மறுநாளே நீரும் அங்கேதான் போகிறீர். மழை ஓயும்வரை பேரேரிக் கரையடியில், சேந்தன் வீடு இருந்த மண்ணில் குடிசை போட்டுத் தனியே தங்கி, பள்ளத்தின் மேற்குக் கரைக்கு நாள்தோறும் வருவது எத்தனை, கடப்பது எத்தனை, கிடப்பது எத்தனை, அலுத்துத் திரும்புவோர் எத்தனை பேர் என ஆள்விட்டு எண்ணி எழுதுவீராக.

கார்த்திகை ஐந்தாம் நாள், இருமலை இலச்சினை அரக்கில் பதித்து, கொற்றி கையில் கொடுத்தனுப்பினோம்.

இவ்வாணை கொடிதென்று தோன்றினால் எமக்கு முறையீடு எழுதலாம், தடையில்லை. செந்நூல் கட்டாமல் மேற்குக் கரைக் குவியலில் வையும். முறை வரும்போது வாசிப்போம்.